சாரம் கட்டிய தொலைக்காட்சி

மின்சாரம் நின்றுபோன யாழ்ப்பாணத்தில், ஒரு நாளும் நிற்காமல் ஓடிய ஒரே தொலைக்காட்சி எங்கள் கோப்பாயில்தான் இருந்தது. அது இடுப்பில் சாரம் கட்டியிருக்கும், வெற்றிலை போடும், சைக்கிளில் வரும். ரீவி அண்ணை என்பதுதான் அதன் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய மனைவிக்கே சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு ஒரு சின்னப் புடவைக்கடை. துணி எடுக்கக் கொழும்புக்குப் போனால், தங்கும் லொட்ஜில் இரவு இரவாகத் தொலைக்காட்சி பார்ப்பார். கிளாலிக் கடல் தாண்டி ஊர் திரும்பியதும், கடை வாசலில் சனம் உட்கார வாங்கைப் போட்டு அறிவிப்பார்.

"இந்த முறை மூண்டு புதுத் தொடர். ஒண்டு சிரிப்பு, ஒண்டு பேய், ஒண்டு அழுகை. எதைப் போட?"

ஊர் கூடி அழுகைக்கே வாக்களிக்கும். சிரிப்புக் கேட்டவர்கள் பின்னாலிருந்து "சனலை மாத்துங்கோ அண்ணை" என்றால், சட்டைப் பொத்தானை அமுக்கிவிட்டு, தாய் கதறும் இடத்திலிருந்து நேரே மாப்பிள்ளை சேற்றில் வழுக்கி விழும் இடத்துக்குத் தாவுவார். முக்கியமான கட்டத்தில் விளம்பரம் வரும்.

"புதுச் சீத்தைத் துணி வந்திருக்கு, தோய்ச்சாலும் சாயம் போகாது."

குண்டு போடும் பொம்மரின் சத்தம் கேட்டால், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முதல் ஆளாகப் பங்கருக்குள் இறங்குவார். வெளியே வந்ததும் விட்ட சொல்லிலேயே தொடருவார். கதையை மாற்றச் சொல்லி யார் கெஞ்சினாலும் மசியமாட்டார்.

"அங்கை காட்டினதைத்தான் நான் காட்டுவன். என்ரை வாயாலை ஒரு சொல் கூடவோ குறையவோ வராது."

அந்தப் பருவத்தில் ஊரே கிறங்கிக் கிடந்தது அழுகைத் தொடரில். கப்பல் வேலைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. எல்லோருக்கும் முதலே வந்து முன்வரிசையில் இருப்பவர் அன்னமக்கா. ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாடு புறப்பட்ட அவருடைய மகனிடமிருந்து மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. கப்பல் கதை கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும்.

கடைசிப் பகுதி நடந்த அன்று, கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த வங்கி எழுதுவினைஞர் ஒருவரும் கூட்டத்தில் நின்றார். தாய் துறைமுகத்துக்குப் போகிறாள் என்று ரீவி அண்ணை தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"உந்தப் பெடியன் செத்துப்போனானெல்லோ? கப்பல் கடலிலை மூழ்கித் தாண்டதை நான் ரீவியிலை பாத்தனான்."

அன்னமக்கா முன்வரிசையிலிருந்து எழும்பப் பார்த்தார். ரீவி அண்ணை வெற்றிலையை ஆறுதலாகத் துப்பிவிட்டு வந்தார்.

"தம்பி, விளம்பரம் வந்தவுடனை நீர் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனீரோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"அதுதான் பிழை. கப்பல் தாண்டது தாய் கண்ட கனவு. விளம்பரம் முடிய அவள் முழிக்கிறாள்."

கூட்டம் எழுதுவினைஞரைப் பார்த்துச் சிரித்தது. விளம்பரத்தின்போது எழும்பிப் போகிறவனை எங்கள் ஊர் ஒருபோதும் மதித்ததில்லை. ரீவி அண்ணை கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தார். மகன் இறங்கி, "அம்மா, பசிக்குது" என்றான். அன்னமக்கா வாய்விட்டு அழுதார், பிறகு சிரித்தார். அன்றைக்குச் சீத்தைத் துணிக்கு விளம்பரமே வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் வாங்கை உள்ளே தூக்கி வைத்தபடி மெல்லக் கேட்டேன்.

"அண்ணை, உண்மையிலை அது கனவோ?"

"கனவுமில்லை, ஒண்டுமில்லை. பெடியன் செத்துத்தான் போனான். நானும் பாத்தனான்."

"பிறகேன் மாத்தினியள்?"

"கொழும்பு ரீவிக்குத் தனக்கு முன்னாலை ஆர் இருக்கினமெண்டு தெரியாது. எனக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினார்.

பிற்காலத்தில் வேறு ஊரில், நல்ல மின்சாரத்தில், அந்தத் தொடரை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது. கப்பல் தாழப் போகிற கட்டம் வந்ததும் எழும்பிப்போய்த் தேநீர் போட்டேன். ரீவி அண்ணை காப்பாற்றிய பிள்ளையைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை.