இருநூற்றுப் பத்து பீரியட்டும் சுவரைப் பார்த்த முருகனும்

கிழக்குத் தாம்பரம்,
4.6.1995, ஞாயிறு.

செய்யாறு தபால் நிலையத்தைச் சொந்த வீட்டைவிட அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் போஸ்ட்மாஸ்டர் மாமா தனக்கோடி அவர்களுக்கு, மைத்துனன் பக்தவச்சலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லோகநாயகியும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் அக்காவும் ஜீவாவும் எல்லா அளவிலும் நலமாக இருக்கக் குன்றத்தூர் முருகன் துணையிருப்பார். அவர் என் வீட்டுச் சுவரில் பட்ட பாட்டைப் பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நம் பெண் ஜீவா பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியதைப் படித்துவிட்டு லோகநாயகி தெருவில் நான்கு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தாள். ஐந்தாவது வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஜீவாவை என் பள்ளியிலேயே ப்ளஸ் ஒன் சேர்த்து என் வீட்டிலேயே தங்க வைக்கலாமா என்பது ஒன்று. ப்ளஸ் டூ பாடத்தை எங்கள் பள்ளியில் எந்த மாதம் ஆரம்பிப்பார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த வகுப்பே கிடையாது என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்குவார்கள், பழுப்பு அட்டை போடுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள், மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், பரணில் போடுவார்கள். ஜூலையிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் அரைப்பார்கள். நானும் பதினேழு வருடம் அப்படித்தான் அரைத்தேன், பெருமையாகவே அரைத்தேன். போன வருடம் மே மாதம் தாவீது வந்தான். என்னிடம் படித்து இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கி இன்ஜினியரிங் போனவன். ஸ்வீட் பாக்ஸோடு வந்திருக்கிறானே என்று நாற்காலி போட்டால், முதல் வருடக் கணக்கில் ஃபெயிலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, இந்த லாகரிதம்னா உண்மையில என்ன சார்?" என்று கேட்டான். மாமா, எனக்கு அவமானமாக இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க்கை நான்தான் கொடுத்தேன், அந்த ஒரு கேள்விக்குப் பதிலை நான் கொடுக்கவே இல்லை.

அன்றே முடிவு கட்டினேன். சாவதற்குள் ஒரு தடவையாவது ப்ளஸ் ஒன் கணக்கை ப்ளஸ் ஒன்னிலேயே நடத்திவிடுவது. உட்கார்ந்து வருடம் முழுவதற்கும் திட்டம் போட்டேன். பண்டிகை, பரீட்சை, விளையாட்டு விழா எல்லாம் போக இருநூற்றுப் பத்து பீரியட். சார்பு என்கிற ஃபங்ஷனுக்கு முப்பது, அதில் வரைபடம் மட்டும் போட பன்னிரண்டு. சைன், காஸ் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நாற்பது. லாகரிதத்துக்குத் தாவீதின் நினைவாக இரண்டு கூடுதல். இதையெல்லாம் கட்டம் போட்டு எழுத வீட்டில் பெரிய தாள் இல்லை. பழைய பாத்திரக்கடைக் காலண்டரின் முதுகில் எழுதினேன். அதன் முகத்தில் முருகன் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். லோகநாயகி அந்தப் படத்தைக் கண்ணாடி போட வைத்திருந்தாளாம். நான் காலையில் திட்டம் தெரியும்படி மாட்டுவேன். பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் முருகன் திரும்பியிருப்பார். "சாமியைச் சுவத்தப் பாக்க வச்சுட்டு நீங்க எந்தக் கணக்கை முடிக்கப் போறீங்க?" என்பாள். கடைசியில் கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, மற்ற நாள் கணக்குக்கு என்று ஒப்பந்தம் ஆனது. ஆடிக் கிருத்திகை வாரம் முழுக்க நான் மனப்பாடமாகத்தான் பாடம் எடுத்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் தோத்தாத்ரி சார் திட்டத்தைக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தார். "பக்தவச்சலம் சார், உங்க திட்டம் பிரமாதம். ஆனா இது பள்ளிக்கூடம்" என்றார். பிறகு இரக்கப்பட்டு ஈ பிரிவை மட்டும் தந்தார். ஏ பிரிவில் அவர் பெண் ரமா இருக்கிறாள், அதைத் தொட விடுவாரா? ஈ என்றால், எல்லாரையும் சேர்த்த பிறகு மிச்சம் இருக்கும் நாற்பத்தாறு பேர். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மழை பெய்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அந்தப் பிள்ளைகளுக்காகச் சார்ட் பேப்பரில் இன்னொரு பிரதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். சரசு என்று ஒரு பெண், லீடர், ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் ஒரு கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவாள். மணி அடித்தபின் இரண்டு நிமிடம் கூட எடுத்தால், அடுத்த கட்டத்தில் மூலையில் ஒரு புள்ளி வைப்பாள். அவ்வளவு கறார்.

இனி நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏற்றக்கோணம் நடத்த வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனேன், அங்கே இருக்கும் உயரமான மரத்தை அளப்பதாகத் திட்டம். கோணமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு கூழாங்கல்லும் தொங்கவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்க, குரங்கை அடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று காவலாளி நாற்பத்தாறு கோணமானியையும் பிடுங்கி வைத்துக்கொண்டார், மரத்தின் உயரம் இன்றுவரை தெரியாது. அது போகட்டும் என்று திரும்பினால் தீபாவளிக்கு முன்னால் புயல் வந்து ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டு பறந்து, தண்ணீர் வடிகிற வரை பதினான்கு பீரியட் போனது. வடிந்ததும் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க என்னை மேடவாக்கம் பக்கம் அனுப்பினார்கள், அங்கே ஒரு கதவு எண்ணில் நான்கு குடும்பம், ஒரே ஆளுக்கு இரண்டு கதவு எண், வயல் வரப்பில் நின்றுகொண்டு நான் ஒன்றுக்கு இரண்டு விடை வந்தால் அது சார்பு ஆகாது என்று நடத்த நல்ல உதாரணம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட, கூட வந்த கிராம உதவியாளர் எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்தார். அதில் இருபத்திரண்டு பீரியட். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மாமா, திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நான் இல்லாத நாளில் தாங்களாகவே வரைபடம் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

வம்பு அங்கேதான் பிறந்தது. சரசுவின் அப்பா குப்புராஜ் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். அந்தப் பெண், முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே கட்டணம், அதற்கு மேல் ஏறுமுகம் என்று ஆட்டோ மீட்டருக்கு அழகாக வரைபடம் போட்டு, அதை ஆட்டோவுக்குள்ளேயே பின்சீட்டுக்கு எதிரில் ஒட்டிவிட்டாள். சவாரி ஏறுகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஷெட் வாசலில் ஆட்டோ நின்றது. "இன்னா சார் இது? மீட்டர் போட்டாத்தான சார் கிராஃபு? ஏ செக்ஷன்ல புள்ளைங்க பன்னெண்டாவது பொஸ்தகத்த பாதி முடிச்சிகினு கீதுங்க. எம் பொண்ணு இன்னும் கோடு போட்டுகினு கீது. நா படிக்காதவன்னு பேஜார் பண்ணாத சார், அது பாஸாவணும்" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினொரு பெற்றோர்.

ஜனவரி முழுக்கத் தாக்குப்பிடித்தேன். பிப்ரவரி பிறந்ததும் தோத்தாத்ரி சார் கூப்பிட்டு, "போதும் சார். திங்கக்கிழமைலேர்ந்து ப்ளஸ் டூ ஆரம்பிச்சிடுங்கோ. இது என் ஆர்டர்" என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தலையாட்டினேன். அந்தத் திங்கட்கிழமை காலை, நான் போர்டில் தேதி போட்டு, 'வகை நுண்கணிதம், பன்னிரண்டாம் வகுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்ட அதே பீரியட்டில், மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு சங்கேதம் உண்டு. பியூன் இரண்டு சின்ன மணி, ஒரு பெரிய மணி அடிப்பார். ஏ முதல் டி வரை ப்ளஸ் டூ புத்தகங்கள் பைக்குள் போகும், மஞ்சள் குங்குமத்தோடு ப்ளஸ் ஒன் புத்தகங்கள் வெளியே வரும், போர்டு அழியும். எல்லாம் அரை நிமிடம். ஈ பிரிவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நாங்கள்தான் நிஜமாகவே ப்ளஸ் ஒன் நடத்துகிறவர்களாயிற்றே, எங்களுக்கு எதற்கு மணி?

அதிகாரி நான்கு பிரிவிலும் புத்தம்புதுப் புத்தகங்களைப் பார்த்து, பிள்ளைகள் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு ஷெட்டுக்கு வந்து போர்டைப் படித்தார். மூக்கு சிவந்தது. "ப்ளஸ் ஒன்ல ஏதாவது சொல்லிக் குடுத்திருக்காரா உங்க சார்? ஒரு சைன் கிராஃப் போடத் தெரியுமா?" என்றார். சரசு எழுந்து போய், "சாதாரணமா போடட்டா சார், இல்ல ரெண்டு மடங்கு உயரமா போடட்டா, நகத்திப் போடட்டா?" என்று கேட்டு மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். அவர் மூன்று கோட்டையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு தெரிஞ்சும் விதியை மீறினது இன்னும் பெரிய தப்பு" என்று போய்விட்டார். பள்ளிக்கு நற்சான்று, எனக்கு மெமோ. தாம்பரத்தில் ப்ளஸ் ஒன்னில் ப்ளஸ் டூ நடத்திப் பிடிபட்ட ஒரே வாத்தியார் உங்கள் மைத்துனன்தான் மாமா.

மறுநாளே ஈ பிரிவை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நூற்று நாற்பது கட்டத்தோடு நின்றது. சுவரில் இருந்த சார்ட்டும் காணோம். பியூன் கிழித்து ஜன்னல் துடைத்திருப்பார். இந்த வருடம் எனக்கு ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். எதிர்த்து எழுதவில்லை, மெமோவுக்குத் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு பதில் கொடுத்துவிட்டேன். வீட்டுத் திட்டத்தையும் கிழித்துப் போட்டாயிற்று. ஆகவே ஜீவாவை இங்கே அனுப்ப வேண்டாம். உங்கள் ஊரிலேயே, அரையாண்டுக்குள் ப்ளஸ் டூவை முடிக்கிற இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். நானும் இனி ஊரோடு ஒத்துப்போகிறவன். அவளுக்கென்று வாங்கிய காம்பஸ் பாக்ஸை யார் மூலமாவது அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். ஜீவாவுக்கு எங்கள் ஆசிகள், நீண்ட ஆயுளும் நிறைந்த படிப்பும் அவளுக்கு அமையட்டும். உங்கள் முழங்கால் வலிக்கு லோகநாயகி தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
பக்தவச்சலம்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறேன். போஸ்ட்மாஸ்டர் மன்னிக்கவும். தபால் பெட்டிக்குப் போகச் செருப்பு மாட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து சரசுவும் ஈ பிரிவுப் பெண்கள் ஐந்து பேரும் இறங்கினார்கள். சரசு கையில் சுருட்டி வைத்த அந்தச் சார்ட். பியூனைச் சந்தேகப்பட்டது பாவம். அதை என் மேஜை மேல் விரித்து, "சார், எழுபது பீரியட் பாக்கி இருக்கு. எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டாள். சுருண்டுகொண்ட சார்ட்டின் ஓரத்தை நான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குப்புராஜ்தான் பேசினார்: "எம் பொண்ணு பன்னெண்டாவது பொஸ்தகத்த பிரிச்சிகினு தானா புரியுதுன்னு சொல்லுது சார். பாக்கியும் முடிச்சிடு. டெய்லி காலைல ஆறு மணிக்கு எல்லாத்தையும் நானே இட்டாந்து வுட்டுர்றேன். இதுக்கு மீட்டர் கெடையாது." அவர் முடிப்பதற்குள் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பின்சீட்டிலிருந்து ரமா இறங்கி நோட்டோடு வந்தாள். தோத்தாத்ரி சார் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, எதிர்வீட்டு முருங்கை மரத்தையே ஐந்து நிமிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போனார்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். மெமோவுக்கு நான் இன்னும் பதில் கொடுக்கவில்லை, கொடுத்ததாக எழுதியது ரோஷத்தில். திட்டத்தையும் கிழிக்கவில்லை, முருகன் பின்னால் இருக்கும்போது எப்படிக் கிழிப்பது? ஜீவாவை வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அனுப்புங்கள். பகலில் பள்ளிக்கூடம் என்ன நடத்தினாலும் நடத்தட்டும். காலை ஆறு மணிக்கு இந்த எழுபது, சாயங்காலம் அவளுக்கென்று முதல் கட்டத்திலிருந்து இருநூற்றுப் பத்து. காம்பஸ் பாக்ஸை அனுப்பப் போவதில்லை, வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே லோகநாயகி ஸ்டூல் போட்டு ஏறி, நான் சொல்லாமலே, முருகனைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆயிற்றே என்றேன். "மலை மேல அவர் நல்லாத்தான் இருக்கார். இங்க எழுபது பீரியட் சுவத்தப் பாத்தா ஒண்ணும் ஆயிடாது" என்றாள்.