ஒரு கழி பீரோ

என்றும் என் மரியாதைக்குரிய பெரிய மச்சான் தத்சுஜி அவர்களுக்கு, சகாத்தாவிலிருந்து தங்கள் தங்கை புருஷன் சோகிச்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே கூரைப் பனி சரிந்து விழுந்துகொண்டிருக்கிறது. உங்கள் முராகாமியிலும் கடற்காற்று காதைப் பிடித்துத் திருகும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் செய்த முழங்கால் மடங்குகிறதா? மடக்கும்போது சத்தம் வருகிறதா, வரவில்லையா? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகு ஆவல். டாக்டரைக் கேட்டால் முறைக்கிறார். தாங்கள் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டுமென்று சாமி மாடத்தில் தினமும் சோறு வைத்துக் கும்பிடுகிறேன். கிகுயோ இருந்தால் அவள் வைப்பாள். அவள்தான் உங்கள் வீட்டில் இருக்கிறாளே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டவள், சாயங்கால வண்டிக்கே திரும்பிவிடுவதாக இருந்தவள், இன்று வியாழன் ஆகியும் வரவில்லை. போன் செய்தால் அவளே எடுத்து, "இங்க அப்படி யாரும் இல்லீங்க" என்று வைத்துவிடுகிறாள். யாரும் இல்லையென்று சொல்வது யார் என்று கேட்பதற்குக்கூட நேரம் தருவதில்லை. அவள் எதற்காகக் கோபித்துக்கொண்டாள் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது மச்சான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயம் சொல்லி அவளை அனுப்பி வையுங்கள்.

போன வாரம் புதன்கிழமை அவள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். குழாயும் திறந்திருந்தது. அங்கிருந்தபடியே சத்தம் போட்டுச் சொன்னாள்: "என்னங்க, ஞாயித்துக்கெழம அண்ணனப் பாக்கப் போறேன். அதுக்குள்ள ஒரு கழி வாங்கி வச்சிடுங்க. பழைய கடையிலயே வாங்குங்க, புதுசா தொறந்திருக்கானே, அவன்கிட்ட போயிடாதீங்க. கறுப்பா, பளபளன்னு, தூக்கினா கனமா இருக்கணும். சின்னதா வாங்கி மானத்த வாங்கிடாதீங்க!"

இதில் நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பீரோவை நாம் ஒன்று, இரண்டு என்றா எண்ணுகிறோம்? இரண்டு ஆள் கழியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த காலத்திலிருந்து ஒரு கழி, இரண்டு கழி என்றுதானே சொல்கிறோம்? நான் ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஒரு நல்ல பழைய மரபீரோவுக்கு ஆசைப்படுவதும், குளிர்காலக் கம்பளிகளை வைக்க இடமில்லை என்று அவள் புலம்புவதும் ஊரறிந்த விஷயம். பெண்டாட்டி வாயாலேயே உத்தரவு வந்துவிட்டது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

பழைய கடை என்றால் வேறு எது? கால்வாய் ஓரம் பழைய சாமான் விற்கிறாளே ஓனோதெரா அம்மாள், அவள் கடைதான். என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, இன்னிக்கும் இழுப்பறைய மோந்து பாத்துட்டுப் போகத்தானா?" என்றாள். "வாங்க வந்திருக்கேன்" என்றதும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் ஒரு படிக்கட்டு பீரோவைக் காட்டினாள். அடியெல்லாம் இழுப்பறை, மேலெல்லாம் படி.

"எங்க வீட்ல மாடியே இல்லையேம்மா."

"அதனால என்ன? உச்சி வரைக்கும் ஏறிட்டு எறங்கி வாங்க. முட்டிக்கு நல்லது."

உங்கள் முட்டியை நினைத்து ஏறிப் பார்த்தேன். உத்தரத்தில் மண்டை இடித்ததுதான் மிச்சம். அடுத்தது சக்கரம் வைத்த பீரோ. "தீப்பிடிச்சா அப்படியே தள்ளிக்கிட்டு ஓடிடலாம்" என்றாள். தீப்பிடிக்காவிட்டால் என்று கேட்டேன். "அப்பவும் ஓடும். நீங்கதான் புடிச்சு நிறுத்தணும்." எங்கள் கூடத்துத் தரை வாசல் பக்கம் சரிவு என்பது உங்களுக்குத் தெரியுமே. நான் தூங்கும்போது பீரோ தெருவுக்குப் போய்விட்டால்?

மூன்றாவதாகப் போர்வையை விலக்கினாள் பாருங்கள், கன்னங்கரேலென்று ஒன்று நின்றது! மூஞ்சி தெரிகிற அரக்குப் பூச்சு, இரும்புக் கைப்பிடி. மேல் அறையைச் சாத்தினேன், நடு அறை தானாக வெளியே வந்தது. நடு அறையைச் சாத்தினேன், மேல் அறை வந்தது. "உள்ள யாரும்மா இருக்கா?" என்று கேட்டேன். "காத்துதான். அவ்வளவு இறுக்கமா செஞ்சிருக்கான்" என்றாள். எதைச் சாத்தினால் எது வரும் என்று பார்த்துப் பார்த்து அங்கேயே பொழுது போய்விட்டது. கடைசியில் அந்த அம்மாள் பொறுக்க மாட்டாமல், "வீட்ல போய்ச் சாத்திக்குங்க சாமி! சனிக்கெழம அனுப்பறேன். வெறும் வயித்தோட பீரோவ அனுப்பக் கூடாதுன்னு எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. அடி அறையில ஒண்ணு வச்சு விடறேன், தொறந்து பாருங்க" என்றாள்.

என்ன வைப்பாள்? இதைச் சொல்லிவிட்டால் மனுஷன் எப்படித் தூங்குவான்?

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு பீரோ வந்தது. வாசலில் நுழையவில்லை. கதவுகளைக் கழற்றிப் பனியில் சாத்திவைத்து உள்ளே ஏற்றினோம். வழியெல்லாம் நனைந்ததில் மரம் ஊதி, மற்ற அறைகள் திறக்கின்றன, அடி அறை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது! மெழுகு தேய்த்தேன், கெஞ்சினேன், உதைத்தேன். காதை வைத்துக்கொண்டு ஆட்டினால் உள்ளே எதுவோ 'தொம்' என்று நகர்கிறது. அந்த நேரம் பார்த்துக் கிகுயோ ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்திலிருந்து சிவந்த முகத்தோடு வந்து நின்றாள்.

"என்னது இது?"

"ஒரு கழி! கறுப்பு, பளபளப்பு, தூக்கினவங்களுக்கு இடுப்பு போச்சு. எல்லாம் நீ சொன்னபடி."

பீரோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கேட்டாள்: "இதத் தூக்கிக்கிட்டு நான் ரயில் ஏறணுமா?"

"உன்ன யாரு தூக்கச் சொன்னா?"

"கடையெல்லாம் மூடிட்டான். விடிஞ்சா மொத வண்டி. அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று சொல்லி மேல் அறையை ஓங்கிச் சாத்தினாள். நடு அறை வெளியே பாய்ந்து அவள் இடுப்பில் இடித்தது. "இதுவும் உங்கள மாதிரிதான். ஒண்ண அடக்கினா இன்னொண்ணு கெளம்புது!" என்றாள். காலையில் நான் எழுந்தபோது ஆளைக் காணோம்.

நானும் நாலு நாளாக யோசிக்கிறேன். பீரோவுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? பீரோவுக்கும் உங்கள் முகத்துக்கும்தான் என்ன சம்பந்தம்? தாங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, அவளுக்குக் கொஞ்ச நாளாகவே ஞாபகம் பத்தவில்லை. உடம்பு சரியில்லாத அண்ணனைப் பார்க்க வருகிறவள் வெறுங்கையோடா வருவாள்? ஒரு தின்பண்டம் வாங்கி வரக்கூடத் தோன்றவில்லையே. ஊர் வழக்கம் தெரிந்தவள்தான், கோபத்தில் மறந்திருப்பாள். அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது மச்சான். சோறு குழைந்துபோகிறது, ஊறுகாய் ஜாடி எங்கே என்று தெரியவில்லை. நான் ஏதாவது கேட்டால், "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சொல்லக்கூட ஆளில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் கேள்வி கேட்பது மகா கொடுமை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. பீரோ பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். அடி அறையைத் திறந்து பார்த்த பிறகு கொடுக்கிறேன்.

தங்கள் முழங்கால் இரும்பாக உறுதிப்பட்டு, வசந்தத்தில் செர்ரி பூக்கும்போது தாங்கள் ஏறாத மேடு இல்லாதபடிக்கு எல்லாத் தெய்வங்களும் துணை நிற்கட்டும். வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவருக்கும் என் வணக்கமும் அன்பும்.

இப்படிக்கு,
கதவில்லாத வீட்டிலிருந்து,
சோகிச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கோந்து தேடி மேல் அறையைத் திறந்து, இல்லையென்ற எரிச்சலில் ஓங்கிச் சாத்தினேன். அடி அறை தானாக வெளியே வந்தது! உள்ளே நீளமாக ஒரு பொட்டலம். கடைத்தெருவில் நாலு தலைமுறையாக இருக்கிற மிட்டாய்க் கடையின் காகிதம். மேலே ஓனோதெரா அம்மாளின் கோழிக்கிறுக்கல்: 'ஒரு கழிக்கு ஒரு கழி'. பிரித்தேன். சிவப்புப் பயறு அல்வா. கறுப்பு. பளபளப்பு. தூக்கினால் கனம். அந்த அல்வாவையும் நாம் கழிக் கணக்கில்தான் சொல்லுவோம் என்பது மச்சான், பொறந்ததிலிருந்து தின்கிற இந்த மடையனுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு அல்வா வாங்கச் சொன்னால் நான் அவளுக்கே அல்வா கொடுத்திருக்கிறேன்! அவள் வெறுங்கையோடு வந்ததற்கு நான்தான் காரணம். அவள் ஞாபகத்தைப் பற்றி எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள், அவளிடம் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை முதல் வண்டியில் நானே கொண்டுவருகிறேன், அந்த ஒரு கழியோடு. வாசலில் நின்று அவளிடம் தலை குனிந்து கேட்பேன், வராமல் எங்கே போவாள்.

கழியின் ஒரு முனை மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கும். எலி என்று சொல்லலாமா என்று யோசித்தேன், கிகுயோ நம்ப மாட்டாள். எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ளத்தான்.