ழகரம் சொன்ன டீச்சரும் ஸ்பேனர் கொடுத்த அண்ணனும்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரெண்டாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு 'ழ' எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நிமிஷ வீடியோ எடுக்கணும்.

அவ்வளவுதான்.

நான் பதினேழு வருஷமா மணிலா அட்டை டீச்சர். வெட்டுவேன், ஒட்டுவேன், கலர் அடிப்பேன். அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா போன வாரம் எங்க தலைமையாசிரியை கூப்பிட்டாங்க. "ஞாயித்துக்கிழமை உங்க வகுப்புல வந்து உக்காருவேன். இந்தத் தடவை அட்டை வேணாம் டீச்சர். தொழில்நுட்பம் இருக்கணும்."

மலேசியாவுல எங்க கெடா மாநிலத்துல வெள்ளி, சனிதான் லீவு. ஞாயிறு பள்ளிக்கூடம். அதனால சனிக்கிழமையே எடுத்து முடிக்கணும்.

வீட்டுல ஆரம்பிச்சேன். போனை மேசை மேல நிக்க வெச்சு, "வணக்கம் மாணவர்களே"ன்னேன்.

வாசல்ல ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள். "பாம்! பாம்!"

திரும்பவும், "வணக்கம் மாணவர்களே."

இந்தத் தடவை பழைய பேப்பர் வாங்குற லாரி. ஒலிபெருக்கியில "சூராட் கபார் லாமா..."ன்னு வருது. என்னைவிட அந்த ஆளு உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு!

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "காடிய எடுத்துக்கிட்டு செம்பனைக் காட்டுப் பக்கம் போய் எடும்மா. அங்க யாரு வரப்போறா?"

நானும் அதை நம்பினேன் பாருங்க.

சிடாம் கிரி போற வழியில ஒரு தோட்டத்து ரோடு. ஓரமா காடிய நிறுத்திட்டு, போனை ஸ்டீரிங் பக்கத்துல மாட்டினேன். ஏர்கோன் சத்தம் வீடியோவுல விழுதுன்னு எஞ்சினை அடைச்சேன். வண்டு சத்தம் வருதுன்னு கண்ணாடியையும் ஏத்திட்டேன்.

அஞ்சே நிமிஷத்துல ஆவியில வெச்ச பாவ் ரொட்டி மாதிரி வெந்துட்டேன்!

பரவாயில்ல, பாடம் முக்கியம். "நாக்கை மேல மடிச்சு உள்பக்கம் கொண்டு போங்க"ன்னு சொல்லிட்டு, பிள்ளைங்க நல்லாப் பார்க்கட்டும்னு வாயை அகலமாத் திறந்து, நாக்கை மடிச்சு, கண்ணை விரிச்சு, அப்படியே உக்காந்திருந்தேன். மூஞ்சியெல்லாம் வேர்வை. "ழ்ழ்ழ்ழ்ழ்..."

டமார்னு காடிக் கதவு திறந்துச்சு!

"ஐயோ! வலிப்பு! வலிப்பு வந்திருச்சு!"

யாருன்னு பார்க்குறதுக்குள்ள என் கையில சில்லுன்னு ஒரு இரும்பு. பார்த்தா, ஸ்பேனர்! "கெட்டியாப் பிடிச்சுக்கம்மா! விட்றாத!"

அம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அண்ணன். சட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெய். பின்னாடியே மோட்டார்லேர்ந்து இறங்கி ஓடி வந்தாங்க அவர் சம்சாரம், கையில தண்ணி போத்தலோட. நான் வாயை மூடி ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள பாதி போத்தல் என் தலையில.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லண்ணே! நான் டீச்சர். பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன்!"

அண்ணன் காலியா இருந்த பின்சீட்டைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டார்.

"யாருக்கும்மா?"

போனைக் காட்டி எல்லாத்தையும் விளக்கினேன். பக்கத்துல திகாம் பத்துங்கிற ஊர்ல காடி ரிப்பேர் கடை வெச்சிருக்காராம். ஓரமா நின்ன காடியப் பார்த்ததும் பழுதுன்னு நெனச்சு வந்திருக்கார்.

"ஒரு ழ-வுக்கா இவ்வளவு பாடு? நாங்கெல்லாம் வாளப்பளம்னு சொல்லித்தான் சாப்பிடுறோம். இனிக்கத்தானே லா செய்யுது!"

நன்றி சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம். பதினேழு வருஷப் பழக்கம் விடுமா?

"அப்படி இல்லண்ணே. வாழைப்பழம். நாக்கை மடிங்க."

"வாளைப்பலம்."

"ழ... ழ."

"வாயைப்பயம்."

அக்கா சிரிச்சு சிரிச்சு காடி மேலயே சாஞ்சுட்டாங்க. "விடுங்க டீச்சர்! இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றதே இவருக்கு விளங்கல!"

அவங்க போனதும் ஈரத்தலையோட இன்னொரு தடவை ஒழுங்கா எடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை. இருபத்தாறு பிள்ளைங்க. பின்னாடி தலைமையாசிரியை, கையில பேனா. நான் கெத்தா டிவியில வீடியோவைப் போட்டேன்.

முதல்ல டிவி நிறைய என் வாய். அடுத்து, "ஐயோ! வலிப்பு!"

நான் பேசிக்கிட்டு இருந்தப்ப போன் பாட்டுக்கு எல்லாத்தையும் பதிவு பண்ணியிருக்கு. ஒழுங்கா எடுத்ததை விட்டுட்டு நான் அதைத்தான் கொண்டு வந்திருக்கேன்!

ரிமோட்டை அழுத்தினேன். சத்தம் கூடிச்சு. வேற பட்டனை அழுத்தினேன். படம் பெருசாச்சு. அண்ணன் மூக்கு மட்டும் ஒரு அடி!

வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கு அழுகையே வந்திருச்சு. அப்பதான் அண்ணன், "வாளைப்பலம்"ன்னார்.

முன்வரிசைல தாரணி எந்திரிச்சா. மூணு மாசமா ழ வராத பொண்ணு. "அங்கிள், அப்படி இல்ல! நாக்கை மடிங்க! வாழைப்பழம்!"

சுத்தமா வந்துச்சுங்க, ழ!

டிவியில அண்ணன், "வாயைப்பயம்."

மொத்த வகுப்பும், "இல்ல அங்கிள்! வாழைப்பழம்!"

சன்னல் அதிருது. நான் ரிமோட்டைக் கீழ வெச்சுட்டேன். என் அட்டைகளுக்கு இப்படி ஒரு சத்தம் ஒருநாளும் வந்ததில்ல.

மணி அடிச்சதும் தலைமையாசிரியை கிட்ட வந்தாங்க. "யாரு டீச்சர் அந்த நடிகர்? ரொம்ப இயல்பா செஞ்சிருக்கார்."

"தெரிஞ்சவர்தாங்க..."

"வீடியோவை நிறுத்தாம பிள்ளைங்க போக்குல விட்டீங்களே, அதுதான் திறமை. புதன்கிழமை மத்த டீச்சருங்களுக்கு நீங்கதான் பயிற்சி கொடுக்குறீங்க."

சாயங்காலம் திகாம் பத்துக்குப் போய் அண்ணன்கிட்ட உண்மையைச் சொன்னேன். "உங்களைக் கேக்காம போட்டுட்டேன். அழிச்சிடவாண்ணே?"

"அழிக்காதீங்க லா டீச்சர்! என் மூஞ்சி தெளிவா விழுந்திருக்கா? எனக்கும் ஒண்ணு அனுப்புங்க!"

அவர் பிரச்சினை முடிஞ்சுது. என் பிரச்சினை புதன்கிழமை. ஓடுற வீடியோவை எப்படி நிறுத்துறதுன்னு தெரிஞ்சவங்க, தயவுசெஞ்சு செவ்வாய்க்குள்ள கமெண்ட்ல சொல்லுங்க.