பல் பிடுங்கிய அன்று செய்த பொருத்தனை

சபையில் வேதபாடம் நடத்தும் மைத்துனர் அவர்களுக்கு,

நலம். உங்கள் தங்கையும் நலம். அவள் என் பக்கம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களிடமிருந்து ஒரு தீர்ப்பு வேண்டும். அன்றுதான் என் பழைய பத்திரிகை நண்பர் தம் மகனோடு என் மகளை, அதாவது உங்கள் மருமகளை, பெண் பார்க்க வருகிறார். நிருபராக இருந்தவன், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் கடைவாய்ப் பல்லை உங்கள் மருமகளே, கீழ்த்தளத்தில் உள்ள தன் கிளினிக்கில் பிடுங்கினாள். ஊசி போட்டு, நாக்கு மரத்து, வாய் நிறையப் பஞ்சு அடைத்த பிறகு, கையுறையைக் கழற்றியபடி, "அப்பா, இனிமே நீங்க கூட்டிட்டு வர்ற எந்த மாப்பிள்ளையையும் பாக்கிறதில்லைன்னு கடவுள்கிட்ட பொருத்தனை பண்ணிட்டேன். ராத்திரி வரைக்கும் பேசக்கூடாது. வலிக்குதா?" என்றாள். வலித்தது, தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் சம்மதம் என்று உங்கள் தங்கை சாட்சி சொல்கிறாள்.

மணமாகாத மகள் செய்த பொருத்தனையைத் தகப்பன் ரத்து செய்யலாம் என்ற பழைய எபிரெயச் சட்டத்தை நீங்கள்தானே நடத்தினீர்கள்? மறுநாள் காலையில் எழுந்து நின்று, "ரத்து" என்றேன். எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்ட அன்னைக்கே சொல்லணும்ப்பா. நேத்து சும்மா இருந்துட்டீங்க" என்றாள். பஞ்சு அடைத்த வாய்க்குச் சட்டத்தில் விலக்கு கிடையாதா என்றேன். அதற்குத்தான் அந்தக் காலத்து நிலவரத்தை விளக்க ஆரம்பித்தாள். அப்போது மணமாகாத பெண்ணுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லையாம். அவள் ஓர் ஆட்டை நேர்ந்துகொண்டால் தகப்பன் தொழுவத்திலிருந்துதான் அது போகுமாம். அதனால்தான் அவனிடம் கேட்கிறார்களாம். "ஆனா ஒரே நாள்தான். பொண்ணு நம்பி இருந்த பிறகு அப்பா மனசு மாறக்கூடாதுல்ல? அந்தச் சட்டம் என்னையும் காப்பாத்துதுப்பா" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "சரி, இந்த வீட்டுல தொழுவம் யாரோடது?" என்றாள்.

வீடு அவள் கட்டியது. நானும் உங்கள் தங்கையும் மாடியில் இருக்கிறோம். உங்கள் தங்கை, "பதில் சொல்லுங்க, இப்பதான் வாயில பஞ்சு இல்லையே" என்றாள்.

மைத்துனரே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் மனம் மாறும்வரை சாப்பிடுவதில்லை என்று நானும் ஒரு பொருத்தனை செய்துவிட்டேன். ஆண் செய்த பொருத்தனையை யாராலும் ரத்து செய்ய முடியாது. இதையும் நீங்களே நடத்தினீர்கள். தகப்பனுக்குத்தான் அதிகாரம், அன்றும் இன்றும் என்றும், என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். அவள் மேஜையில் வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. சின்னவனுக்குப் பல் விழுந்தால் இங்கே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உண்ணாதிருக்கும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் மகள் மேலே வந்தாள். "வீட்டுக்காரி நான். கேட்ட அன்னைக்கே ரத்து பண்றேன். வாயைத் திறங்க" என்றாள். பழக்கதோஷம், திறந்துவிட்டேன். உள்ளே போனது அவித்த முட்டை. மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். அதிகாரம் வீட்டுக்கு உரியவருக்கே என்று அவசரமாகத் தீர்ப்பு எழுதுங்கள். இல்லையென்றால் பொருத்தனையை மீறியவன் நான் ஆகிவிடுவேன். நண்பரிடம் ஞாயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது முட்டை ஆறுகிறது.