மாப்பிள்ளைக்கு, புழு விஷயமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமாக இருந்தால் கடிதம் எதற்கு? உங்கள் தாயாரின் முழங்கால் வலி தேவலையா? பதில் போட வேண்டாம், மரியாதைக்குக் கேட்டேன்.

நீங்கள் என் மகளைத் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஐந்து மாதமாகிறது. ஏற்றிவிட்ட கையோடு போனில், "மாமா, நாலு வருஷமா குழந்தையும் இல்ல, ரத்தம் போறதும் நிக்கல. அது எந்த மாதிரி நோய்னு என் வாயால சொல்ல வைக்காதீங்க" என்றீர்கள். சொல்லியும்விட்டீர்கள். நான் படகு மெக்கானிக்; இன்ஜின் இருமினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவள் வந்து நின்றதும், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "உண்மையச் சொல்லு, யாரு அவன்?" என்று கேட்டேன். பையைக் கீழே வைக்காமலே, "நீங்களுமாப்பா?" என்றாள். அதன்பிறகு மூன்று வாரம் என்னோடு பேச்சில்லை. "சாப்பாடு ஆறுது" என்று சுவரிடம் சொல்வாள். சுவரின் சார்பில் நான் போய்ச் சாப்பிடுவேன்.

இரண்டு டாக்டர்கள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கெட்ட நோய்க்கு மாத்திரை எழுதினார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "சின்ன வயசுல ஏரித் தண்ணில இறங்கி வேலை பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "பாத்திருக்காளாவா! எட்டு வயசுலேர்ந்து, நான் இன்ஜினைக் கழட்டி மாட்டுற வரைக்கும் இடுப்பளவு தண்ணில நின்னு படகைப் பிடிச்சுக்குவா. இவ பிடிச்சா படகு அசையாது" என்று பெருமையடித்தேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எனக்குப் புரியவில்லை.

சிறுநீரை நண்பகலில் கொடுக்க வேண்டும், அதற்கு முன் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், அப்போதுதான் முட்டை வெளியே வரும் என்றார்கள். என்ன முட்டை என்று விளங்காமலே மகளுக்குத் துணையாக நானும் ஏறினேன். நாலாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்த லேப்காரர், நோயாளி நான்தான் என்று நினைத்து டப்பாவை என் கையில் திணித்து, "முதல்ல நீங்க போங்க பெரியவரே, தாங்காது" என்றார். மகள் சிரித்தாள். வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

முடிவு வந்தது. ஏரி நத்தையிலிருந்து வரும் புழுவாம்; கண்ணுக்குத் தெரியாது, தோல் வழியாக நுழைந்து ரத்தக் குழாயில் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துமாம். அது இட்ட முட்டைகள் கர்ப்பப்பை வாயிலும் கருக்குழாயிலும் சிக்கிப் புண்ணாக்கியிருக்கின்றன. மாத்திரையில் புழு செத்தது, ரத்தப்போக்கும் நின்றுவிட்டது. ஆனால் குழாய் இரண்டும் தழும்பேறி அடைத்துப் போயின. குழந்தை கஷ்டம்தான் என்றார் டாக்டரம்மா. மகள் அழவில்லை. "இது யாரோடயும் பழகி வந்ததில்லன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே போய், எதற்கென்று தெரியாமல் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அந்தக் காகிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். தப்பு ஏரியுடையது; அதில் அவளை இறக்கிவிட்டவன் நான். கோபத்தை என்மேல் காட்டுங்கள். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், வந்து அவளை அழைத்துப்போங்கள். தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மகள் வாங்கிப் படித்தாள். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பிறகு, "அனுப்புங்கப்பா, அவர் படிக்கட்டும். ஆனா என்னைக் கூட்டிட்டுப் போக வர வேண்டாம்னு சேத்து எழுதுங்க" என்றாள். ஆகவே வர வேண்டாம். மேலே நான் கெஞ்சியிருப்பதைத் தாங்களே அடித்துக்கொள்ளவும். மறுபடி எழுத வீட்டில் தாள் இல்லை.