வூட்டுக்கு ஒரு கை

ஜவ்வாது மலைக்குப் போயி அம்மனைக் கும்பிட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள திருப்பத்தூர் திரும்பிடணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்ளோதான்.

மறுநாள் காலையில எங்க பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வூட்டார் வர்றாங்க. மூணு இடம் தட்டிப் போயி நாலாவதா வந்த இடம். நெல்லிவாசல் பக்கம் ஒரு ஊர்ல இருக்கற அம்மன் கேட்டதைக் குடுக்கும்னு பக்கத்து வூட்டம்மா சொன்னாங்க. திருப்பத்தூர் சாமிங்களுக்கு என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருக்கும், புதுசா ஒரு சாமியைப் பார்ப்போம்னு கெளம்பிட்டேன்.

வூட்டுக்காரரும் கூட வந்தாரு. "நீ சாமியைப் பாரு, நான் மலையைப் பாக்கறேன்."

பாதி தூரம் பஸ். அதுக்கு மேல ஜீப். பெல்பாட்டம் போட்ட டிரைவர், எட்டு பேர் உக்கார்ற இடத்துல பதினாறு பேரை அடுக்கி, மேல ரெண்டு ஆட்டையும் ஏத்தினாரு. "மூணு மணிக்குத் திரும்பறேன். வுட்டா நாளைக்குத்தான்"ன்னாரு.

ஊரைச் சுத்திப் பார்த்தோம். சுத்த முப்பது வூடு இருந்துச்சு. அரை மணி நேரத்துல தீர்ந்துடுச்சு!

பாறை மேல ஏறினா கீழ இருக்கற ஊரெல்லாம் தெரியும்னாங்க. முட்டியைப் பிடிச்சிக்கினு ஏறினேன். ஒரே பனி. என் காலே எனக்குத் தெரியலை.

"நல்லா இருக்கில்ல?"ன்னாரு அவரு.

எறங்கி கோயிலுக்கு வந்தா மேளச் சத்தம். பூசாரி மஞ்சள் நூலை வெச்சிக்கினு வரிசையா ஒவ்வொருத்தர் கையிலயும் கட்டறாரு. எங்க தெரு கோயில்ல வெள்ளிக்கிழமை கயிறு கட்டுவாங்களே, அந்த மாதிரி பிரசாதம்னு நெனைச்சிட்டேன். யாரையாவது கேட்டேனா? கேட்கலை. நாப்பது வருசமா சாமி கும்பிடறவ, எனக்குத் தெரியாததா! வரிசையில பூந்து முன்னாடி போயி கையை நீட்டினேன்.

பூசாரி நல்ல மனுசன். கட்டறதுக்கு முன்ன கேட்டாரு: "எம்மா, முழு மனசோடதான நீட்டற?"

"இன்னா சாமி இப்படிக் கேட்டுட்டீங்க! முழு மனசோடதான்!"

கட்டிட்டாரு.

மூணு மணிக்கு ஜீப்ல ஏறினேன். டிரைவர் என் கையைப் பார்த்தாரு.

"எறங்கும்மா."

"ஏம்ப்பா?"

"திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கினு ஊர் எல்லையத் தாண்டறதா? எட்டு நாளு இங்கதான் இருக்கணும். நாளைக்கு நான் இந்த ரோட்டுல வண்டி ஓட்ட வேணாமா?"

முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கிட்டேன். எவ்ளோ புத்திசாலித்தனம்! ஜீப்ல இருந்த பதினாறு பேரும் அதைப் பார்த்துக்கினுதான் இருந்தாங்க. விலை போகாம திரும்பின ஆடு ரெண்டும்கூட.

எறங்கி கோயிலுக்கே ஓடினேன். வூட்டுக்காரர் பின்னாடியே வந்தாரு. அவருக்குச் சிரிப்பு தாங்கலை.

"அம்மனா கேட்டுச்சு? நீயாத்தான நீட்டின? நீ இங்கயே இரு. நான் போயி பஜ்ஜி சுட்டு, பொண்ணுக்குப் பூ வெச்சி, எல்லாம் பாத்துக்கறேன்!"

எனக்கு அழுகை முட்டிச்சி. அவருக்கு வெந்நீர் வெக்கக்கூடத் தெரியாது. பொண்ணு பார்க்க வர்ற அன்னிக்குப் பெத்தவ வூட்ல இல்லைன்னா, வந்தவங்க இன்னா நெனைப்பாங்க? வரவேணாம்னு சொல்லி அனுப்ப போனா இருக்கு? பூசாரி கிட்ட கும்பிட்டுக் கெஞ்சினேன்.

அவரு தாடையைச் சொறிஞ்சாரு. "அவுக்கக் கூடாதும்மா. ஆனா எங்க கணக்கு வூட்டுக்கு ஒரு கைதான். ஆம்பள கையா பொம்பள கையான்னு அம்மா பாக்க மாட்டா. மாத்திக் கட்டலாம்."

கூட்டம் மொத்தமும் வூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துச்சு.

அவரு சிரிப்பு நின்னுச்சு பாருங்க, நட்ட நடுவுல!

"எனக்கு ஆபீஸ் இருக்கு!"

"அம்மாவை வுடவா பெருசு உங்க ஆபீசு?"ன்னு ஒரு அம்மா அதட்டினாங்க. இன்னொருத்தங்க அதுக்குள்ள பாயே கொண்டாந்துட்டாங்க. "சார் எங்க வூட்ல படுத்துக்கட்டும். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. சவரம் கூடாது, சிகரெட்டு கூடாது, கறி கூடாது."

"ஏமே, நீயாவது சொல்லேன்!"ன்னாரு என்னைப் பார்த்து.

"முழு மனசோட கையை நீட்டுங்க"ன்னேன்.

டிரைவர் கெளம்பாம ஹாரன் அடிச்சிக்கினு இருந்தாரு. நான் மட்டும் ஜீப்ல வந்துட்டேன்.

மறுநாள் அவங்க வந்தாங்க. பொண்ணு காபி குடுத்தா. மாப்பிள்ளையோட அம்மா எல்லாத்தையும் பார்த்துட்டு, "சம்பந்தி எங்க, காணோமே?"ன்னாங்க. இந்த இடமும் போச்சுன்னு நெனைச்சிட்டேன். பொய் சொல்லவும் வரலை. நடந்ததை நடந்தபடியே சொல்லிட்டேன். எட்டு நாளு, சிகரெட்டு இல்ல, கறி இல்ல, குடுத்ததைத் தின்னுட்டுச் சும்மா இருக்கணும்னு எல்லாத்தையும்.

அந்தம்மா கூடத்துல கால் மேல கால் போட்டு, மூணாவது தடவை காபி கேட்டுக்கினு இருந்த அவங்க வூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் என் பக்கம் குனிஞ்சி மெதுவா கேட்டாங்க:

"சம்பந்தியம்மா, அந்த ஊருக்கு எந்த பஸ்ஸுங்க போவுது?"