சோப்புத்தண்ணி எழுதாத ‘சரி’

கோலார் தங்கவயலில் சோப்புத்தண்ணியைப் போலச் சந்தேகப் பிராணி இன்னொருவர் கிடையாது. சுரங்கத்தை இன்னும் ஆயிரம் அடி தோண்டினாலும் கிடைக்கமாட்டார்.

சுரங்கத்தின் அடியாழத்தில் விஞ்ஞானிகள் அப்போது ஒரு சோதனைக்கூடம் வைத்திருந்தார்கள். வானத்திலிருந்து பாறையையும் துளைத்துக்கொண்டு வரும் நுண்துகள்களைப் பிடிக்க வேண்டுமாம். அதற்கு இரும்புக் குழாய்கள். உள்ளே வாயு, நடுவில் முடியைவிட மெல்லிய கம்பி. துகள் கடந்தால் கம்பியில் மின்துடிப்பு வரும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வாயு கெட்டு, குழாய் குருடாகிவிடும்.

தங்கவயலின் ஊரிகம் பகுதியில், தரைக்கு மேலே ஒரு கொட்டகையில், நான் வாயு நிரப்புவேன். என் வயதுக்காரரான சோப்புத்தண்ணி இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஏழு முறை. பிறகுதான் குழாயில் சாக்பீஸால் ‘சரி’ என்று எழுதுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ராபர்ட்சன்பேட்டையில் என் கல்யாணத்தன்று சமையல்கட்டுக்குள் போனவர், கேஸ் சிலிண்டர் முன்னால் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிட்டார்.

“அடுப்ப அணைங்க. லீக்கு.”

சமையல்காரர் குனிந்து பார்த்தார். “குமிழியே காணோமே?”

“இன்னும் வர்ல. வரும்.”

பந்தி போடும்போது மணி மூன்று. என் மாமனார் சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை.

அவருடைய தம்பி தானியேல் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவன் கொட்டகை வாசலில் நின்றான்.

“அண்ணே, எங்க லெவல்ல பாறை நறநறன்னு சத்தம் போடுது. இன்னிக்கு லீவு போட்டுடட்டா?”

சோப்புத்தண்ணி ஒரு இணைப்பை நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

“ஒண்ணியும் ஆவாது. போடா.”

மதியம் தரை குலுங்கியது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்திருந்தது. தானியேலின் உடலை மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

பத்து நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். சோப்புத் தண்ணீர் தடவினார். ஏழு முறை, பத்து முறை, இருபது முறை. ‘சரி’ மட்டும் எழுதவில்லை. குழாய்கள் சுவரோரம் குவிந்தன. அதிகாரி வந்து கேட்டார்.

“லீக் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப எழுதுப்பா.”

“கை வர்ல சார்.”

ஒரு வாரம் பார்ப்பதாகவும், அப்புறம் வேறு ஆள் போடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் சாக்பீஸை எடுத்தேன்.

“நீ பாரு. நான் எழுதறேன்.”

“தப்பாப் பூட்சின்னா?”

“என் தலையில வுழட்டும்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிரஷ்ஷை நனைத்தார். நான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. கண் அவருடையது, எழுத்து என்னுடையது. ஒரு குழாயும் குருடாகவில்லை.

கடைசிக் குழாயைச் சுரங்கத்தின் லிப்ட் கூண்டில் ஏற்றிக் கீழே அனுப்பிய அன்று கேட்டார்: “இத்தினி வருசம் என்ன நம்பி எழுதினியே, உனக்கு பயமே இல்லியாப்பா?”

“இன்னா பயம்?” என்று சிரித்துவிட்டேன்.

குழாய்களுக்காக நான் பயந்ததே இல்லை. ஆனால் அந்த நான்கு வருடமும், காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும், அவர் வந்துவிட்டாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.